பெல் தேற்றத்தை நோட்டிலும் கணினியிலும் நீங்களே போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒரே இடத்திலிருந்து கிளம்பி எதிரெதிர்த் திசையில் போகின்றன. தொலைவில் வைத்து இரண்டையும் அளந்தால் விடைகள் ஒத்துப்போகின்றன. கிளம்பும்போதே விடையைக் கையோடு கொண்டுபோயினவா, இல்லை ஒரு பக்கம் அளந்தது மறுபக்கத்தைத் தொட்டதா? கையோடு கொண்டுபோகும் அந்த விடைக்குறிப்புக்குத்தான் மறைமாறி என்று பெயர். ஓரிடத்தில் செய்வது, ஒளி போய்ச் சேரும் நேரத்துக்கு முன்னால் தொலைவில் எதையும் மாற்றாது என்ற கொள்கைக்கு இடம்சார்மை என்று பெயர். இந்த விவாதத்தைப் பேச்சாகக் கேட்டால் யார் பேசினாலும் சரி என்றே தோன்றும், கணக்கைக் கையால் போட்டால்தான் எது எங்கே உடைகிறது என்று பிடிபடும்.

நான் இதைப் பல தடவை போட்டிருக்கிறேன், புதிதாக வந்த நண்பர்களோடு உட்கார்ந்தும் போட்டிருக்கிறேன். கணக்கு யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. படிகளின் வரிசையை மாற்றும்போதுதான் தடுக்கி விழுகிறார்கள், முக்கியமாக குவாண்டம் சூத்திரத்தை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். இங்கே அது ஆறாவது படியில்தான் வரும். அதுவரை அதைத் தொடாதீர்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, கொசைன் போடத் தெரிந்த கால்குலேட்டர். ஏழாவது படிக்கு எக்செல் மாதிரி ஒரு விரிதாள் போதும், பைத்தான் தெரிந்தால் இன்னும் வசதி. சராசரி என்றால் என்ன, +1-ஐயும் −1-ஐயும் பெருக்கினால் என்ன வரும், இவ்வளவு தெரிந்தால் ஐந்தாவது படி வரை போய்விடலாம்.

அலைச் சார்பு, ஹில்பர்ட் வெளி, ஆபரேட்டர் எதுவும் வேண்டாம். இயற்பியலாளர் ஜான் பெல்லின் பெயரில் உள்ள இந்தத் தேற்றம் குவாண்டம் இயற்பியலைப் பற்றிய தேற்றமே இல்லை, இடம்சார்ந்த எந்தக் கோட்பாடும் எதைச் செய்ய முடியாது என்று சொல்லும் தேற்றம். குவாண்டம் அறிவை உள்ளே கொண்டுவந்தால், எந்த முடிவு எதிலிருந்து வந்தது என்பது குழம்பிப்போகும்.

2. அமைப்பை வரைந்து பெயர் வையுங்கள்

நோட்டின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் ஃபோட்டான் ஜோடிகள் கிளம்பும் மூலம். இடது ஓரத்தில் ஒரு மேசை, வலது ஓரத்தில் ஒரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு போலரைசர், அதாவது எந்தக் கோணத்தில் திருப்பி வைத்திருக்கிறோமோ அதைப் பொறுத்து ஒளியைப் பிரிக்கும் கருவி, அதற்கு இரண்டு நிலைகள் மட்டும். இடது மேசையின் இரண்டு கோணங்களுக்கு இ1, இ2 என்றும், வலது மேசைக்கு வ1, வ2 என்றும் பெயர் வையுங்கள்.

ஃபோட்டான் போலரைசரைக் கடந்து போனால் +1, பக்கவாட்டில் திரும்பினால் −1. ஒரு ஜோடிக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு கோணத்தில்தான் அளக்க முடியும். எந்தக் கோணம் என்பதை, ஃபோட்டான்கள் கிளம்பிய பிறகு, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கின்றன.

கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் மறைமாறிகளை வைத்து ஒரு மாதிரி (மாடல்) செய்வது ரொம்ப சுலபம்: கோணங்கள் முன்பே தெரிந்தால் மூலமே அதற்கு ஏற்ற மாதிரி ஃபோட்டான்களைத் தயார் செய்து அனுப்பிவிடலாம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "கோணத் தேர்வு கிளம்பிய பிறகு."

தேர்வு எழுதும் இரண்டு நண்பர்களை நினைத்துக்கொள்ளலாம். இருவரும் வெவ்வேறு அறையில், இடையில் பேச வழி இல்லை. ஒவ்வொருவருக்கும் முதல் கேள்வியா இரண்டாவது கேள்வியா என்பது அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். விடை ஆம் அல்லது இல்லை. உள்ளே போவதற்கு முன் என்ன வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். பெல் கணக்கு முழுவதும் இந்த இரண்டு நண்பர்களின் கதைதான், பின்னால் பல இடத்தில் இதற்கே திரும்பி வருவேன்.

3. ஐன்ஸ்டீன் தரப்பு வாதத்தை முதலில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் பின்னால் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள், அதனால் இங்கே நிதானமாக நில்லுங்கள்.

1935-இல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் வைத்த வாதத்தை, பின்னால் டேவிட் போம் எளிமையாக்கிய வடிவத்தின் போக்கில், நம் ஃபோட்டான்களுக்கு இப்படி எழுதலாம். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் அளந்தால் விடைகள் எப்போதும் ஒன்றே, ஒரு தடவைகூடத் தவறுவதில்லை. இடது பக்கம் அளந்து +1 வந்துவிட்டால், வலது பக்கம் அதே கோணத்தில் +1 வரும் என்று அங்கே தொடாமலேயே சொல்லிவிடலாம். இடது பக்கம் செய்தது வலது பக்கத்தை மாற்றவில்லை என்றால், அதாவது இடம்சார்மை உண்மை என்றால், வலது ஃபோட்டானுக்கு அந்த விடை ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். எந்தக் கோணத்தை எடுத்தாலும் இதே வாதம்தான். ஆக எல்லாக் கோணத்துக்கும் விடை முன்பே இருந்திருக்க வேண்டும்.

இதை மூன்று வரியில் நோட்டில் எழுதுங்கள்:

ஒரே கோணத்தில் எப்போதும் ஒரே விடை.
இடம்சார்மை உண்மை.
ஆகவே விடைகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது வரி முடிவு, ஊகம் இல்லை. நான் பார்த்த பிழைகளில் ஆழமானது இங்கேதான் நடக்கிறது. "பெல் மறைமாறி இருப்பதாக ஊகித்தார், அது தவறாகிவிட்டது, அதனால் மறைமாறியைத் தூக்கிப் போட்டுவிட்டால் இடம்சார்மை பிழைத்துக்கொள்ளும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேலே எழுதிய வரிசையில் மறைமாறி இடம்சார்மையிலிருந்தே பிறக்கிறது. அதைத் தூக்கிப் போட்டால் முதல் வரியை விளக்க வேறு வழி வேண்டும். ஜான் பெல்லின் 1964 கட்டுரையே இந்த வாதத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் ஜோடிச் செருப்பு உவமையை யாராவது எடுப்பார்கள்: ஒரு காலணியை மதுரைக்கும் இன்னொன்றை சென்னைக்கும் அனுப்பினால், மதுரையில் பெட்டியைத் திறந்து இடது கால் என்று பார்த்ததும் சென்னையில் இருப்பது வலது கால் என்று தெரிந்துவிடுமே, இதில் என்ன அதிசயம்? நல்ல உவமை. ஒரே கோணத்துக்கு அது முழுசாகப் பொருந்தும், ஐன்ஸ்டீன் தரப்பும் அதைத்தான் சொல்கிறது. வேறு வேறு கோணத்தில் அது தாங்குமா என்பதைத்தான் அடுத்த படிகள் சோதிக்கின்றன. உவமையைத் தூக்கி எறியாதீர்கள், கையில் வைத்துக்கொண்டு நகருங்கள்.

4. பதினாறு வரி அட்டவணையைக் கையால் போடுங்கள்

விடைகள் முன்பே எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு ஜோடியும் நான்கு எண்கள் கொண்ட ஒரு சீட்டைச் சுமந்து வருகிறது என்று பொருள்: இ1-க்கு என்ன விடை, இ2-க்கு என்ன, வ1-க்கு என்ன, வ2-க்கு என்ன. ஒவ்வொன்றும் +1 அல்லது −1. அப்படியானால் மொத்தம் 16 வகைச் சீட்டுகள்தான் சாத்தியம்.

ஒவ்வொரு சீட்டுக்கும் இந்தக் கூட்டலைப் போடுங்கள்:

இ1×வ1 + இ1×வ2 + இ2×வ1 − இ2×வ2

இதை இனிமேல் பெல் எண் என்று சொல்கிறேன். கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் 1969-இல் எழுதிய வடிவம் இது. பெல்லின் முதல் வடிவத்தைவிட இதில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் நிஜச் சோதனையில் ஒரே கோணத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவது நடக்காது, இந்த வடிவத்துக்கு அது தேவையும் இல்லை.

நான்கும் +1 என்றால் 1+1+1−1, விடை 2. இ1, வ1 இரண்டும் +1, இ2, வ2 இரண்டும் −1 என்றால் 1−1−1−1, விடை −2. இ1 மட்டும் −1 என்றால் −1−1+1−1, மறுபடி −2. பதினாறையும் போடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. எல்லா வரியிலும் 2 அல்லது −2 மட்டுமே வரும்.

காரணம் தெரிய வேண்டுமென்றால் பொதுக் காரணியை வெளியே எடுத்துப் பாருங்கள்: இ1×(வ1+வ2) + இ2×(வ1−வ2). வ1, வ2 ஒன்றாக இருந்தால் இரண்டாவது அடைப்பு பூஜ்யம், வேறாக இருந்தால் முதல் அடைப்பு பூஜ்யம். மிஞ்சும் அடைப்பு 2 அல்லது −2. ஆயிரம் சீட்டு வந்தாலும் அவற்றின் சராசரி −2-க்கும் 2-க்கும் நடுவில்தான் விழும். பெல் அசமன்பாடு என்பது இவ்வளவுதான். காரணி எடுக்கும் முறையை முதலிலேயே சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அட்டவணையைக் கையால் போட்டவர்கள்தான் பிறகு மறப்பதில்லை.

இங்கே மூன்று பிழைகள் வரும். கழித்தல் குறியை மறந்து நான்கையும் கூட்டிவிடுவது ஒன்று: அப்போது சில சீட்டுக்கு 4 வரும், ஒன்றும் நிரூபணம் ஆகாது. கழித்தல் குறி நான்கில் எதன் முன்னால் வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றின் முன்னால் மட்டும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஜோடியில் நான்கு பெருக்கல்களையும் அளந்துவிடலாம் என்று நினைப்பது. முடியாது. ஒரு ஜோடி ஒரு பெருக்கலைத்தான் தரும். நான்கு சராசரிகளும் வெவ்வேறு ஜோடிக் கூட்டங்களிலிருந்து வருகின்றன. அந்த நான்கு கூட்டமும் ஒரே பானைச் சோற்றின் பருக்கைகள் என்று நம்பினால்தான் சேர்த்துக் கூட்டலாம். அந்த நம்பிக்கைக்கு என்ன வேண்டும்? கோணத் தேர்வுக்கும் சீட்டில் எழுதியிருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இதைத் தேர்வுச் சுதந்திரம் என்று தனி வரியாக எழுதி வையுங்கள், ஒன்பதாவது படியில் தேவைப்படும்.

மூன்றாவது, "அளக்காத கோணத்துக்கு விடை எழுதுவதே தப்பு" என்று இங்கேயே நிறுத்திவிடுவது. நல்ல ஆட்சேபம்தான், ஆனால் மூன்றாவது படிக்குத் திரும்பிப் பாருங்கள். அந்த விடைகளை நாமாக எழுதவில்லை, இடம்சார்மை எழுத வைத்தது.

5. சீட்டுக்குப் பதில் நாணயம் சுண்டினால்?

மறைமாறி விடையை நேரடியாகச் சொல்லாமல், வாய்ப்பை மட்டும் சொன்னால் தப்பிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். அதாவது ஃபோட்டான் போலரைசரை அடைந்த பிறகு அங்கேயே ஒரு நாணயம் சுண்டி விடையைத் தீர்மானிக்கிறது.

தப்பிக்க முடியாது. அந்த நாணயத்தை அறைக்குள் போய்ச் சுண்டுவதற்குப் பதில், வெளியே நிற்கும்போதே இரண்டு கேள்விக்கும் சுண்டி, விழுந்ததைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் முடிவுகளின் கணக்கில் எந்த மாற்றமும் தெரியாது. ஆக இதுவும் சீட்டுக் கணக்காகிவிடுகிறது, எல்லை அதே 2.

இந்தப் படி சின்னது, ஆனால் விடாதீர்கள். "இயற்கை தற்செயலானது என்று ஒப்புக்கொண்டால் பெல் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்ற எண்ணத்தை இது ஒன்றுதான் உடைக்கும்.

6. இப்போது குவாண்டம் எண்களைப் போடுங்கள்

நம் ஃபோட்டான் ஜோடிக்கு, இரண்டு போலரைசருக்கும் இடையிலுள்ள கோணம் θ என்றால், விடைகள் ஒத்துப்போகும் வாய்ப்பு கொசைன் θ-வின் வர்க்கம், மாறுபடும் வாய்ப்பு சைன் θ-வின் வர்க்கம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பெருக்கலின் சராசரி: கொசைன் 2θ. இதைத்தான் ஒட்டுறவு என்கிறோம்.

கோணங்கள்: இ1 = 0, இ2 = 45, வ1 = 22.5, வ2 = −22.5 டிகிரி. (மைனஸ் என்று பயப்பட வேண்டாம், போலரைசருக்கு −22.5-ம் 157.5-ம் ஒன்றுதான்.) மூன்று சேர்க்கைகளில் இடைக்கோணம் 22.5, இ2-வ2 சேர்க்கையில் மட்டும் 67.5. கொசைன் 45 என்பது 0.7071, கொசைன் 135 என்பது −0.7071. கடைசி எண்ணின் முன்னால் கழித்தல் இருப்பதால் நான்கும் கூட்டலாகி, பெல் எண் 2.828. அதாவது 2√2. இரண்டைத் தாண்டிவிட்டது.

தேர்வு நண்பர்களின் மொழியில் சொன்னால்: இருவருக்கும் இரண்டாவது கேள்வி வந்தால் மட்டும் விடைகள் மாறுபட வேண்டும், மற்ற மூன்று சேர்க்கையிலும் ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு ஆட்டம் வைத்தால், எவ்வளவு திட்டம் போட்டாலும் சராசரியாக நான்கில் மூன்று, 75 சதவீதம்தான் ஜெயிக்க முடியும். பின்னல் ஃபோட்டான்கள் (இப்படிக் குவாண்டம் ஒட்டுறவோடு கிளம்பும் ஜோடிகளுக்கு அதுதான் பெயர்) 85.36 சதவீதம் ஜெயிக்கின்றன. மனதில் நிற்க இந்த இரண்டு எண்களே போதும் என்பது என் அனுபவம்.

இந்தப் படியில் கோணப் பிழைகள்தான் அதிகம். எலக்ட்ரான் மாதிரி அரை ஸ்பின் துகளின் (ஸ்பின் என்பது துகளின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) ஒற்றைப் பின்னல் நிலைக்குச் சூத்திரம் மைனஸ் கொசைன் θ. ஃபோட்டானுக்குக் கொசைன் 2θ. ஒரு புத்தகத்தில் ஃபோட்டான் சூத்திரத்தை எடுத்து இன்னொன்றில் ஸ்பின் கோணங்களை (0, 90, 45, −45) எடுத்துப் போட்டால் விடை 2-க்குள்ளேயே அடங்கி நிற்கும், பெல் தவறு என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

அப்புறம், பின்னல் இருந்தாலே எந்தக் கோணத்திலும் 2 தாண்டும் என்று நினைப்பது. இரண்டு பக்கமும் 0, 45 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 1 + 0 + 0 − 1, பூஜ்யம். கழித்தல் குறியை நடுவிலுள்ள ஒன்றின் முன்னால் மாற்றினாலும் 2-இல் போய் நிற்கும், தாண்டாது. செருப்பு உவமை இத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் காரணம். ஒரே கோணத்தையும் 45 டிகிரி வித்தியாசத்தையும் மட்டும் பார்த்தால் செருப்புக்கும் ஃபோட்டானுக்கும் வேறுபாடு தெரியாது, நடுவிலுள்ள 22.5-இல்தான் பிரிகின்றன.

7. கணினியில் இரண்டு மேசைகளையும் பிரித்து ஓட்டுங்கள்

இப்போது ஒரு மறைமாறி மாதிரியை நீங்களே ஓட்டி, 2-ஐத் தாண்ட முயற்சி செய்யுங்கள். இந்த மாதிரியில் தொடங்குங்கள்: ஒவ்வொரு ஜோடிக்கும் 0 முதல் 180 டிகிரிக்குள் தற்செயலாக ஒரு கோணம், இரண்டு ஃபோட்டானுக்கும் அதே கோணம். மேசையில், போலரைசர் கோணத்துக்கும் அந்த மறைகோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டித்துக் கொசைன் போட்டு, நேர்க்குறி வந்தால் +1, எதிர்க்குறி வந்தால் −1.

ஒரே கோணத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும், 45 டிகிரியில் ஒட்டுறவு பூஜ்யம். குவாண்டம் சொல்வதும் அதேதான். ஆனால் 22.5-இல் இந்த மாதிரி 0.5 தரும், குவாண்டம் 0.7071 தருகிறது. 67.5-இல் −0.5. பெல் எண் சரியாக 2. ஒட்டுறவை வரைபடமாகப் போட்டால் மறைமாறிக்கு நேர்கோடு, குவாண்டத்துக்கு வளைவு. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றித்தான் இத்தனை விவாதமும்.

நிரல் எழுதும்போது இடதுக்கு ஒரு செயல்கூறு, வலதுக்கு ஒரு செயல்கூறு என்று தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தன் கோணமும் மறைமாறியும் மட்டுமே உள்ளே போக வேண்டும். இரண்டு கோணத்தையும் ஒரே செயல்கூறுக்குள் வைத்துவிட்டு "என் மறைமாறி மாதிரி 2.8 தருகிறது" என்று கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே இடம்சார்மையை அவர்களே உடைத்துவிட்டார்கள், நிரல் பெரிதாக இருந்ததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை ஜோடி ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். மொத்தம் 100 ஜோடி என்றால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஏறக்குறைய 25 தான், பெல் எண்ணில் பிழை சுமார் 0.35 வரும், அப்போது 2.3 கிடைப்பது சாதாரணம். 10,000 ஜோடி ஓட்டினால் பிழை சுமார் 0.035. அதற்குக் குறைவாக ஓட்டிவிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இனி முக்கியமான சோதனை. மாதிரியை இப்படி மாற்றுங்கள்: ஜோடி கிளம்பும்போதே எந்தக் கோணம் கேட்கப்படும் என்று இரண்டு பக்கத்துக்கும் தற்செயலாக ஊகித்துக்கொள்கிறது. ஊகித்த சேர்க்கைக்கு ஜெயிக்கும் விடையைச் சுமந்து போகிறது. ஒரு மேசையில் ஊகம் தவறினால் அந்த ஃபோட்டான் பதிவாகவே இல்லை, டிடெக்டர் தவறவிட்டதாகக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் பதிவான ஜோடிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். பெல் எண் 4 வரும்! முழுக்க முழுக்க இடம்சார்ந்த மாதிரி, குவாண்டத்தையே தாண்டிவிட்டது. ஒவ்வொரு டிடெக்டரும் பாதி ஃபோட்டான்களைப் பிடிக்கிறது, நான்கில் ஒரு ஜோடிதான் கணக்குக்கு வருகிறது.

டிடெக்டர் ஓட்டை என்பது இதுதான். இதைக் கையால் செய்யாமல் அடுத்த படியில் சோதனைகளை வாசித்தால், ஏன் இவ்வளவு வருஷம் டிடெக்டர் திறனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று விளங்காது. முழுப் பின்னல் நிலையும் இந்தப் பெல் எண்ணும் என்றால் திறன் 82.8 சதவீதத்துக்கு மேல் வேண்டும். பின்னலைக் கொஞ்சம் சாய்த்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கலாம் என்று எபர்ஹார்ட் 1993-இல் காட்டினார். பதிவாகாததைத் தூக்கிப் போடாமல் −1 என்று எண்ணிக்கொண்டால் ஓட்டை அடைபடும், உங்கள் மாதிரியில் அப்படி மாற்றி ஓட்டிப் பாருங்கள், பெல் எண் மறுபடி 2-க்குள் அடங்கிவிடும்.

8. நிஜச் சோதனையை வாசிக்கும்போது எதைத் தேடுவது

இப்போதுதான் ஆய்வகத்துக்குள் போகலாம். எந்தச் சோதனையை எடுத்தாலும் இரண்டு கேள்விகள்: கோணத் தேர்வும் அளவீடும், ஒளி மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதா? வந்த ஜோடிகளில் எத்தனை கணக்கில் சேர்ந்தன?

1982-இல் பாரிஸ் அருகே ஓர்சேயில் ஆஸ்பே குழு, ஃபோட்டான்கள் பறக்கும்போதே கோணத்தை மாற்றியது, ஆனால் மாற்றம் தற்செயலாக இல்லாமல் ஒரு சீரான தாளத்தில் நடந்தது. 1998-இல் இன்ஸ்ப்ரூக்கில் 400 மீட்டர் இடைவெளியில் தற்செயல் தேர்வு வந்தது. முதல் கேள்விக்கு நல்ல பதில், இரண்டாவதற்கு இல்லை, ஜோடிகளில் பெரும்பாலானவை பதிவாகவே இல்லை.

2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் இரண்டு கேள்விக்கும் ஒரே சமயத்தில் பதில் வந்தது. வைரத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் ஸ்பின்களை 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்து அளந்தார்கள். அந்தத் தூரத்தை ஒளி கடக்க நான்கு மைக்ரோ நொடிக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும், அதற்குள் தேர்வும் அளவீடும் முடிந்துவிட்டன. 245 அளவீடுகள், பெல் எண் 2.42, பிழை 0.20. ஏழாவது படியில் பிழைக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்த 0.20 எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும். அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களை வைத்து இதே முடிவு வந்தது. அவற்றில் 2 என்ற எல்லையைத் தேடாதீர்கள், அவர்கள் வேறு வடிவ அசமன்பாட்டைப் பயன்படுத்தினார்கள், அங்கே எல்லை பூஜ்யம்.

"2.828 வரவில்லையே, 2.42 தானே" என்று ஏமாற வேண்டாம். 2-ஐத் தாண்டியதா என்பதுதான் கேள்வி. பின்னலில் கொஞ்சம் இரைச்சல் கலந்தாலே எண் இறங்கும்.

9. எந்த ஊகத்தை யார் விடுகிறார்கள் என்று பட்டியல் போடுங்கள்

இதுவரை எழுதியவற்றிலிருந்து ஊகங்களை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதுங்கள்: இடம்சார்மை, தேர்வுச் சுதந்திரம், ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரே ஒரு விடைதான் நிகழ்கிறது என்பது. கணக்குப்படி இவற்றில் ஒன்றாவது போயாக வேண்டும். விவாதத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை இந்தத் தாளை வைத்துப் படித்தால் சத்தம் குறைந்துவிடும்.

போமின் 1952 கோட்பாட்டில் மறைமாறி உண்டு: துகளுக்கு எப்போதும் ஒரு நிச்சயமான இடம் இருக்கிறது. அது விடுவது இடம்சார்மையை, வெளிப்படையாகவே. "மறைமாறியே சாத்தியமில்லை என்று வான் நாய்மன் 1932-இலேயே நிரூபித்துவிட்டார்" என்று யாராவது சொன்னால், போமின் கோட்பாடு இருப்பதே அதற்குப் பதில். அந்த நிரூபணம் வைத்த ஓர் ஊகம் தேவையில்லாதது என்பதை கிரெட்டே ஹெர்மான் 1935-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

பல உலகக் கோட்பாட்டுக்காரர்கள் ஒரே விடை என்ற ஊகத்தை விடுகிறார்கள்: இரண்டு விடையும் நிகழ்கிறது, அதனால் சீட்டு அட்டவணையே எழுத முடியாது. மிகை நிர்ணயவாதம் என்று ஒன்று, தேர்வுச் சுதந்திரத்தை விடுகிறது, கோணத்தைத் தேர்ந்தெடுப்பதும் சீட்டும் ஆதியிலேயே ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை என்கிறது. இதை நெருக்குவதற்காக, பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய குவாசர் (மிகத் தொலைவில் பிரகாசமாக ஒளிரும் விண்பொருள்) ஒளியை வைத்துக் கோணத்தைத் தேர்ந்தெடுத்தும் சோதித்துவிட்டார்கள், 2 என்ற எல்லையின் மீறல் அப்படியே வந்தது. ஆனாலும் அந்த வழியைத் தர்க்கப்படி முழுசாக அடைக்க முடியாது. எனக்கு அது ஏற்பில்லை: சோதனைக்கும் இயற்கைக்கும் இடையில் அப்படி ஒரு பிணைப்பை ஒப்புக்கொண்டால் எந்த மருந்துச் சோதனையையும்கூட நம்ப முடியாமல் போய்விடும்.

மிச்சமிருப்பது அதிகம் பேசப்படும் இடம்: "இடம்சார் யதார்த்தம் உடைந்தது, யதார்த்தத்தை விட்டுவிடுகிறோம், இடம்சார்மை இருக்கட்டும்" என்பவர்கள். இவர்களிடம் நான் எப்போதும் கேட்பது, யதார்த்தம் என்று மேலே உள்ள தாளில் எந்த வரியைச் சொல்கிறீர்கள் என்பதுதான். முன்பே எழுதிய விடைகளை என்றால், மூன்றாவது படி குறுக்கே நிற்கிறது. சிலர் இடம்சார்மைக்கே மெலிந்த பொருள் தருகிறார்கள், சைகை அனுப்ப முடியாது என்ற அளவில். அது நேர்மையான நிலைப்பாடு. ஆனால் பெல் சொன்ன இடம்சார்மை அதைவிடக் கனமானது என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

ஜாரெட் 1984-இல் பெல்லின் இடம்சார்மையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மறுபக்கக் கோணத்தைப் பொறுத்து என் விடையின் வாய்ப்பு மாறக் கூடாது. இன்னொன்று, மறுபக்க விடையைப் பொறுத்து மாறக் கூடாது. வழக்கமான குவாண்டம் கணக்கு இரண்டாவதை மீறுகிறது, போமின் கோட்பாடு முதலாவதை மீறுகிறது. இந்தப் பிரிவினையை நோட்டில் எழுதி வைத்தால் பாதி வாக்குவாதங்கள் வேறு வேறு வார்த்தையில் ஒன்றையே பேசுவது தெரியும்.

10. ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியுமா என்று சரிபாருங்கள்

இதைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால், "செய்தி போகாது, ஆகவே பிரச்சினை இல்லை" என்று மனம் திருப்தியாகி மற்றதை விட்டுவிடும்.

வலது பக்கம் இருப்பவர் கண்ணில் படுவது அவருடைய விடைகள் மட்டும். இடது பக்கம் +1 வரும் வாய்ப்பு பாதி, அப்போது வலது +1 வருவது கொசைன் வர்க்கம். இடது −1 வரும் வாய்ப்பு பாதி, அப்போது வலது +1 வருவது சைன் வர்க்கம். இரண்டையும் பாதியால் பெருக்கிக் கூட்டினால் எந்தக் கோணத்துக்கும் 0.5. இடது பக்கம் கோணத்தை எப்படித் திருப்பினாலும் வலது பக்கத்து நோட்டில் பாதிக்குப் பாதிதான் நிற்கும். ஒட்டுறவு தெரிவது இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் வைக்கும்போது மட்டும், அந்த நோட்டு ஒளியைவிட வேகமாகப் பயணம் செய்யாது.

இது முடிந்ததும் இன்னொரு கணக்கு மிச்சம் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இரண்டாவது படியின் நண்பர்களிடம் ஒரு மாயப் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி, ஆனால் ஆட்டத்தை நூற்றுக்கு நூறு ஜெயிக்கும். பெல் எண் 4. மேலே போட்ட மாதிரியே சரிபார்த்தால் இந்தப் பெட்டியாலும் செய்தி அனுப்ப முடியாது என்று தெரியும். குவாண்டம் 2√2-க்கு மேல் ஒருபோதும் போகாது என்று சிரெல்சன் 1980-இல் நிரூபித்திருக்கிறார். ஆக, செய்தி அனுப்ப முடியாது என்ற விதி மட்டும் இயற்கையை 2.828-இல் நிறுத்தவில்லை. வேறு என்ன நிறுத்துகிறது என்பதில் இன்றைக்கும் ஆய்வு நடக்கிறது, பத்துப் படியும் கையால் போட்டு முடித்தவர்களால் அந்தக் கட்டுரைகளின் முதல் பக்கத்தையாவது நேரடியாகப் படிக்க முடியும்.